பதினாறு வயது, ரேட்டிங் 2180: படிப்பை ஒதுக்கிவிட்டு முழுநேரம் செஸ் ஆடவிடலாமா?

கேள்வி: 5 ஜனவரி 2025

கரூரிலிருந்து எழுதுகிறேன். பையனுக்குப் பதினாறு வயது, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 2180. டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியில் குகேஷ் ஜெயித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பள்ளியை நிறுத்திவிட்டுத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை எழுதவைக்கலாம், நாள் முழுக்க ஆடட்டும் என்கிறார் கோச். கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டால் அப்புறம் சோற்றுக்குக் கவலை இல்லை என்பது என் எண்ணம். ஆடிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

5 ஜனவரி, இரவு

வேண்டாம் சார்.

6 ஜனவரி

நேற்று ஒரே வார்த்தையில் முடித்தது சரியில்லை. லோடு இறங்கவில்லை என்று ராத்திரி பத்து மணிவரை போனில் கத்திவிட்டு வந்து எழுதியது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

நான் நாமக்கல். லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை. 2007 முதல் 2018 வரை செஸ் ஆடினேன். அதில் கடைசி ஆறு வருடம் அதுதான் தொழில், வேறு எதுவும் இல்லை. உச்ச ரேட்டிங் 2386. கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே இருக்கும் இன்டர்நேஷனல் மாஸ்டர் (ஐஎம்) பட்டத்துக்கு 2400 ரேட்டிங்கும் மூன்று நார்மும் வேண்டும். நார்ம் என்றால் ஒரு போட்டி முழுக்க அந்தப் பட்டத்துக்கான தரத்தில் ஆடிக் காட்டுவது. என்னிடம் இரண்டு நார்ம் இருந்தது. மூன்றாவது 2 புள்ளியில் போனது.

என் நல்ல வருடம் 2016. அந்த வருடக் கணக்கை அப்படியே தருகிறேன். பரிசுப் பணம் 2,84,000. கோச்சிங்கில் வந்தது 2,10,000. நுழைவுக் கட்டணம், ரயில், ரூம், சாப்பாடு, ஸ்பெயினில் மூன்று போட்டிக்கான தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 3,71,000. மிச்சம் 1,23,000. மாதத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். வயது அப்போது இருபத்தைந்து.

இது நல்ல வருடம் சார். மற்ற ஐந்து வருடத்தை எழுதப்போவதில்லை. குகேஷைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

6 ஜனவரி, மாலை

குகேஷைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று சொன்னதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். குகேஷைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வருமா? அன்று கடைசி ஆட்டத்தை ஆபீஸில் லாரிக்காரர்களை நிற்கவைத்துவிட்டுப் பார்த்தேன். எதிரே ஆடிய டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்த நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். குகேஷ் அழுதபோது நானும் அழுதேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தப் போட்டிக்கு மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். 13.5 லட்சம் குகேஷுக்கு, 11.5 லட்சம் டிங்குக்கு. உலகத்தில் இரண்டே பேருக்கான பணம் அது. குகேஷ் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். காது மூக்குத் தொண்டை மருத்துவரான அவருடைய அப்பா தொழிலை நிறுத்திவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. உங்கள் பையனுக்கு 16 வயதில் 2180. நல்ல ரேட்டிங்தான், நான் அந்த வயதில் 2050 இருந்தேன். ஆனால் அது வேறு வண்டி, வேறு ரோடு.

8 ஜனவரி

கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டால் கவலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆனந்த் 1988-இல் ஜிஎம் ஆனபோது நாட்டிலேயே அந்தப் பட்டம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. 2024 முடிவில் 85 பேர். ரயில்வே, ஓ.என்.ஜி.சி. போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர்கள் நிம்மதியாக ஆடினார்கள். கிராண்ட்மாஸ்டர் கொனேரு ஹம்பியே ஓ.என்.ஜி.சி.யில் இருப்பவர்தான். வேலை இன்னும் உண்டு, ஆனால் வரிசை நீண்டுவிட்டது. நாற்காலி அந்த வேகத்தில் கூடவில்லை.

அந்த 85-ஆவது ஆள் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டு ஷ்யாம்நிகில். ஜிஎம் பட்டத்துக்கு வேண்டிய 2500 ரேட்டிங்கை 2012-இலேயே தொட்டுவிட்டார். ஒரே ஒரு நார்ம் பாக்கி. அது கிடைத்தது 2024 மே மாதம், துபாயில். பன்னிரண்டு வருடம். செய்தியைப் பார்த்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அவருக்காகச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை ரயில், எத்தனை ரூம், எத்தனை கடைசி ரவுண்டு என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

8 ஜனவரி, இரவு

திருத்தம். 2016 கணக்கில் ஸ்பெயின் விமான டிக்கெட்டைச் சேர்க்கவில்லை. அதைச் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா எடுத்துக்கொடுத்தார். 62,000 ரூபாய். என் கையிலிருந்து போகாததால் என் நோட்டில் ஏறவே இல்லை. அதையும் கழித்தால் அந்த நல்ல வருடத்தில் நின்றது 61,000. மாதம் ஐயாயிரம். இத்தனை வருடம் பத்தாயிரம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சார், உங்கள் நோட்டில் சித்தப்பா கொடுத்ததையும் எழுதுங்கள். அம்மா அடகு வைத்ததையும் எழுதுங்கள்.

11 ஜனவரி

"கோச்சிங்கில் நல்ல வருமானம் வருகிறதே, நீங்கள் ஏன் அதை முழுநேரம் செய்யவில்லை" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உண்மைதான், செஸ்ஸில் நிலையான காசு சொல்லிக்கொடுப்பதில்தான் இருக்கிறது. ஆடுவதில் இல்லை. அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ், பள்ளிக்கூடம், ஆன்லைன். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார வேண்டும், அங்கே அப்போதுதான் ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு வந்த டாலர், ஒரு ஓப்பன் போட்டியில் ஏழு ரவுண்டு ஜெயித்தாலும் எனக்கு வராது.

ஆனால் இரண்டும் ஒரே தலையில் நடக்காது தம்பி. விடிகாலை மூன்று வகுப்பு எடுத்துவிட்டு மதியம் போர்டு முன்னால் உட்கார்ந்தால், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நகர்த்தல்கள்தான் கையில் வந்தன. குதிரையை நல்ல கட்டத்தில் வை, ராஜாவைப் பத்திரப்படுத்து. எல்லாம் ஒழுங்காக இருக்கும், எதிராளிக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. 2300-க்கு மேல் ஆடுகிறவனை அப்படி ஆடி ஜெயிக்க முடியாது.

ஆர்.பி. ரமேஷ் இதைத் தெளிவாகப் பார்த்தவர் என்று நினைக்கிறேன். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன், 2007-இல் காமன்வெல்த் சாம்பியன். மறுவருடமே ஆடுவதை விட்டுவிட்டுச் சென்னையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிரக்ஞானந்தா அங்கிருந்து வந்தவர். முப்பத்திரண்டு வயதில், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, இது போதும் அது வேண்டும் என்று ஒருவர் முடிவெடுப்பது சாதாரணமா? நான் ஆறு வருடம் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றேன்.

12 ஜனவரி

நான் ஏன் விட்டேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பணம் இல்லை, விட்டேன். அவ்வளவுதான்.

13 ஜனவரி

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அது முழுசாக உண்மை இல்லை. பணம் எனக்கு எப்போதும் இல்லை. பணம் இல்லாததால் விடுவதென்றால் 2013-லேயே விட்டிருக்க வேண்டும்.

முதலில் ரேட்டிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016-இல் புவனேஸ்வரில் ஒரு ஓப்பன். என் ரேட்டிங் 2352. எதிரே பதினோரு வயதுப் பையன், 2002. கால் தரைக்கு எட்டவில்லை, நாற்காலியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது நகர்த்தலில் என்னைச் சுத்தமாக அடித்தான். எனக்குப் போனது 17.8 புள்ளி. அவனுக்கு ஏறியது 35.6. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2300-க்குக் கீழே இருக்கும்வரை, எதிர்பார்த்ததற்கு மேல் எடுத்த புள்ளியை நாற்பதால் பெருக்கி ரேட்டிங்கில் ஏற்றுவார்கள். எனக்கு இருபதுதான். அப்படி இருந்தும் அவனுடைய ரேட்டிங்கால் அவனுடைய ஆட்டத்தை எட்டிப்பிடிக்க முடியவில்லை. 2002 என்று பேப்பரில் இருக்கும், ஆடுவது 2300 மாதிரி இருக்கும். நம் ஊரில் ஒவ்வொரு ஓப்பனிலும் அப்படி முப்பது பேர் இருப்பார்கள். முதல் நான்கு ரவுண்டு அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டிரா செய்தாலும் 7.8 போகும். அதனால் பயம். பயத்தில் ஆடினால் இன்னும் தோல்வி.

இது ஒரு பக்கம். இன்னொன்று இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

16 ஜனவரி

பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள், எழுத முடியவில்லை.

அந்த மூன்றாவது நார்ம். 2 புள்ளியில் போனது என்று முதல் நாளே எழுதினேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

நடந்தது இது. 2016 ஆகஸ்ட், பார்சிலோனா பக்கம் ஒரு ஓப்பன். நாங்கள் மூன்று பேர் ஒரே ரூம். பெட்டிக்குள் சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, அம்மா போட்டுக்கொடுத்த புளிக்காய்ச்சல். நார்முக்கு ஒன்பது ஆட்டத்தில் 2450 பெர்ஃபார்மன்ஸ் வேண்டும், அதாவது அந்தப் போட்டியில் மட்டும் ஆடிய தரத்தை ரேட்டிங்காகக் கணக்கிட்டால் 2450 வர வேண்டும். எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் ஐஎம் அல்லது ஜிஎம்மாக இருக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்களும் வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போவதே. எட்டு ரவுண்டில் 5 புள்ளி எடுத்திருந்தேன். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2370 இருந்தால் ஐந்தரை போதும், கடைசி ரவுண்டில் டிரா செய்தால் முடிந்தது. அதே அரைப் புள்ளிக்குப் பரிசும் உண்டு, 400 யூரோ. ராத்திரி சோறு வேகும்போது பேப்பரில் கூட்டிப் பார்த்தேன். 2370. சரியாக 2370.

மறுநாள் எதிராளி பதினான்காவது நகர்த்தலில் டிரா கேட்டான். கை கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அப்பா கடைக்குப் போய் ஸ்வீட் வாங்கிவிட்டார்.

சாயங்காலம் ஆர்பிட்டர் (நடுவர்) கூப்பிட்டார். மூன்றாவது ரவுண்டு எதிராளியின் ரேட்டிங்கை நான் ஃபிடேயின் ஜூலை ரேட்டிங் லிஸ்டிலிருந்து எடுத்திருந்தேன். ஆகஸ்ட் லிஸ்டில் அவருக்கு 21 குறைந்திருந்தது. சராசரி 2368. பெர்ஃபார்மன்ஸ் 2448.

இது துரதிர்ஷ்டம் இல்லை. அன்று எனக்கு வெள்ளை. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை, எல்லாக் காயும் போர்டில். உட்கார்ந்து ஆடியிருந்தால் ஜெயித்திருப்பேனா தெரியாது. நான் உட்காரவில்லை, அதுதான் விஷயம். 400 யூரோவும் நார்மும் என்று கணக்குப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் கடைசி ரவுண்டு டிரா எத்தனை செய்திருக்கிறேன் என்று பின்னால் எண்ணினேன். பத்தொன்பது போட்டியில் பதிமூன்று. எல்லாம் இருபது நகர்த்தலுக்குள். பரிசுப் பணத்தில் வாழ்கிறவன் கடைசி ரவுண்டில் ஆட மாட்டான், கணக்குப் பார்ப்பான். நான் செஸ் ஆடத்தான் செஸ்ஸுக்கு வந்தேன். பிழைப்பாக ஆன பிறகு, ஆட வேண்டிய அன்றைக்கு ஆடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிட்டது. அதனால் விட்டேன்.

17 ஜனவரி

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார், அவரும் ஆடியவர். "உங்கள் கணக்கில் ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட் இருக்கிறது" என்கிறார். சரியான பேச்சு. பெண் பிள்ளை என்றால் அம்மாவோ அப்பாவோ கூடப் போக வேண்டும், ரயிலிலிருந்து ரூம் வரை எல்லாம் இரண்டு மடங்கு. மூன்று பேர் ஒரு ரூமில் படுத்துக்கொண்டு செலவைப் பிரிக்கவும் முடியாது. போட்டி ஹாலுக்கு வெளியே தினத்தந்தியை விரித்துப் போட்டு ஒன்பது நாளும் காத்திருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வைஷாலி 84-ஆவது ஜிஎம், பிரக்ஞானந்தாவோடு சேர்த்து உலகத்திலேயே முதல் அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஜோடி என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய அம்மா நாகலட்சுமி எத்தனை ஹாலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார் என்பதையும் எழுத வேண்டும்.

17 ஜனவரி, சற்று கழித்து

வைஷாலிதான் மூத்தவர். அக்கா தம்பி. மேலே குழப்பி எழுதிவிட்டேன்.

21 ஜனவரி

விட்ட பிறகு என்ன ஆகும் என்று, கோச்சிங் பற்றிக் கேட்ட அந்தத் தம்பி கேட்கிறார். "பயமாக இருக்கிறது அண்ணா, இதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது" என்கிறார். தம்பி, எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் ஆறு மாதம் ஆபீஸில் யாராவது "நீங்கதான் அந்த செஸ் பையனா" என்று கேட்டால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். போர்டைப் பரண் மேல் போட்டேன். ராத்திரி கனவில் கிளாக் ஓடும்.

ஆனால் வேலை வந்தது. பதினெட்டு லாரி, எது எங்கே காலியாகும், எந்த லோடை எதில் ஏற்றினால் திரும்பும்போதும் சரக்கு கிடைக்கும், டிரைவருக்கு எங்கே தூக்கம். முதலாளி அரை மணி நேரம் போனில் பேசிச் சரிசெய்வதை நான் பேப்பரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். செஸ்ஸால் வந்ததா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நஷ்டத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கப் பழகியது மட்டும் செஸ்ஸால்தான்.

பெரியவர்களும் விட்டிருக்கிறார்கள். கென்னத் ரோகாஃப் 1978-இல் ஜிஎம் ஆனவர், பொருளாதாரம் படிக்கப் போய் ஹார்வர்டில் பேராசிரியர், ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நிதியத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராகவும் இருந்தவர். 2012-இல் நியூயார்க்கில் செஸ் உலகில் முதலிடத்தில் இருந்த கார்ல்சனோடு ஒரு பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்) ஆடி டிரா செய்தார். மேத்யூ சாட்லர் இரண்டு முறை பிரிட்டிஷ் சாம்பியன், விட்டுவிட்டு ஐ.டி. வேலைக்குப் போனார். பத்து வருடம் கழித்து ஓய்வு நாட்களில் ஆடத் திரும்பினார், மறுபடியும் 2600-க்கு மேல். சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறவன் கடைசி ரவுண்டிலும் ஆடலாம். சாட்லர் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

2 பிப்ரவரி

16-ஆம் தேதி எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. சொல்லாமல் விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்தோம். நகர்த்தல்களை எழுதி வைக்கும் பழைய ஸ்கோர் ஷீட் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. ஸ்பெயின் ஷீட்டும் இருந்தது, கார்பன் பிரதி, இளஞ்சிவப்பு. புளிக்காய்ச்சல் எண்ணெய் ஓரத்தில் இன்னும் கறையாக இருக்கிறது. பதினான்கு வரிதான் எழுதியிருக்கிறது, மீதிப் பக்கம் காலி. ஆடியவர்களுக்குத் தெரியும், யாராவது டிரா கேட்டால் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் சமக் குறி போட வேண்டும், அது விதி.

குறி பதினான்காவது வரியில் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில். என் கையெழுத்தில்.

டிரா கேட்டது நான். அவன் இல்லை. எட்டரை வருடமாக அவன்தான் கேட்டான் என்று எல்லாரிடமும் சொல்லி, நானே நம்பிவிட்டிருக்கிறேன். அவனுடைய முகம்கூட நினைவிருக்கிறது, கை நீட்டியதுகூட நினைவிருக்கிறது. அது நான் கேட்ட பிறகு நீட்டிய கை.

9 பிப்ரவரி

கரூர் சார், நீங்கள் கேட்டு ஒரு மாதமாகிவிட்டது. முதல் நாள் வேண்டாம் என்றேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். பள்ளியை விட வேண்டாம், அதில் மாற்றமில்லை. பன்னிரண்டாவதை ஒழுங்காக எழுதட்டும், காலேஜில் சேரட்டும். லீவில் நன்றாக ஆடட்டும். இரண்டு வருடத்துக்கு இவ்வளவு பணம் என்று முதலிலேயே ஒரு தொகையை எழுதி வையுங்கள், தீர்ந்தால் கடன் வாங்காதீர்கள். அவன் பரிசு வாங்கி வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலைமை மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வந்த நாளிலிருந்து அவன் வேறு ஆட்டம் ஆடுவான்.

இதையெல்லாம் பையனிடம் கேட்டீர்களா? இத்தனை நாளில் அவன் என்ன சொல்கிறான் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

23 பிப்ரவரி

பையனே எழுதியிருக்கிறான். பள்ளிக்குப் போகிறானாம். போன வாரம் கோவையில் ஆடிய கடைசி ரவுண்டு ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "அண்ணா, எங்கே தப்பு செய்தேன்" என்று கேட்டிருக்கிறான்.

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. கறுப்புக் காய். எதிராளி பக்கம் இரண்டு இடத்தில் சமக் குறி, பத்தொன்பதாவது நகர்த்தலில் ஒன்று, முப்பத்து மூன்றில் ஒன்று. டிரா செய்திருந்தால் ஐந்தாவது பரிசாம். இரண்டு தடவையும் மாட்டேன் என்று ஆடியிருக்கிறான். ஆட்டம் எழுபத்தெட்டாவது நகர்த்தல்வரை போய் யானைகள் மிச்சமிருந்த ரூக் எண்டிங்கில் தோற்றிருக்கிறான்.

தம்பி, ஐம்பத்திரண்டுவரை உன் பக்கம் ஒன்றும் மோசமில்லை. ஐம்பத்து மூன்றில் யானையைச் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். பின்னால் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவனுடைய ராஜா நடுவில் வந்துவிட்டால் என்ன என்று இன்னும் பிடிபடவில்லை. போர்டைப் பரணிலிருந்து இறக்கி நிறுத்தி வைத்திருக்கிறேன். நாளை ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, லோடு எல்லாம் அதற்குள் கிளம்பிவிடும்.